மாற்றியமைத்த 1968 மஸ்டாங்கில் பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும்: துண்டு போடுவதா, முழுதும் மாற்றுவதா?

இந்திராநகரிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் 1968 ஃபோர்டு மஸ்டாங் இருக்கிறது, 302 வி8 இன்ஜின், இடது பக்க ஸ்டியரிங். முன்பு வைத்திருந்தவர் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் உட்காரும் த்ராட்டில் பாடி வகை எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் போட்டிருக்கிறார். முன் சக்கர டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் மாட்டியிருக்கிறார். வண்டியைத் தாழ்த்தி, பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோயிருக்கிறார். இப்போது காலையில் ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை வீசுகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறது. பின்பக்க பிரேக் பைப்பில் துரு. மெக்கானிக் ஒருவர், “துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டிவிட்டு செம்பு பைப் போட்டு ஜாயிண்ட் பண்ணிடலாம், ஒரு நாள் வேலை” என்கிறாராம். செய்யலாமா என்பது கேள்வி.

செய்யாதீர்கள் தம்பி. டேங்கிலிருந்து இன்ஜின் வரை பெட்ரோல் பைப்பும், பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரை பிரேக் பைப்பும் ஹோஸும் மொத்தமாக மாற்றப்பட வேண்டும். அதுவரை வண்டியை ரோட்டில் எடுக்க வேண்டாம். துரு இதற்குப் பாதிக் காரணம்தான். உங்கள் வண்டியில் இப்போது ஓடும் பைப்புகள் 1968-இல் இருந்த வண்டிக்காகப் போடப்பட்டவை. அந்த வண்டி இப்போது இல்லை. பெட்ரோலின் அழுத்தம் மாறிவிட்டது, பிரேக் மாறிவிட்டது, தரையிலிருந்து உயரம் மாறிவிட்டது, பெட்ரோலே மாறிவிட்டது. எனவே பழைய பைப்பைப் பார்த்து அதே மாதிரி ஒன்று போடுவதும் போதாது. இன்று நிற்கிற வண்டிக்கு என்ன தேவை என்று யோசித்துப் போட வேண்டும்.

முதலில் அந்த வாடை. கார்புரேட்டர் காலத்தில் இந்த இன்ஜினின் மெக்கானிக்கல் பம்ப் கொடுத்தது 5, 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம். நீங்கள் சொல்கிற மாதிரி த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் கிட்களில் பெரும்பாலும் 58 பிஎஸ்ஐ ஓடும். பத்து மடங்கு. சாதாரண பெட்ரோல் ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்று அச்சிட்டிருக்கும். அது கார்புரேட்டருக்கான ஹோஸ். இன்ஜெக்‌ஷனுக்கு வேண்டியது ஆர்9. கீழே படுத்து டார்ச் அடித்து ஹோஸின் மேல் எழுத்தைப் படியுங்கள். எழுத்தே இல்லையென்றால் அது என்ன ஹோஸ் என்று யாராலும் சொல்ல முடியாது, கழற்றிப் போட்டுவிடுங்கள். இன்னொரு சாத்தியமும் உண்டு. மேலே பளபளவென்று ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் என்றால் உயர்ந்த சரக்கு என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே வெறும் ரப்பர் இருந்தால் பெட்ரோல் ஆவி அந்த ரப்பர் வழியாகவே மெல்ல வெளியேறும். சொட்டாது, ஈரம் தெரியாது, வாடை மட்டும் ஷெட் முழுதும் நிற்கும். நீங்கள் சொல்கிற அறிகுறி இதோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் பெட்ரோல் அளவு காட்ட டேங்கில் இருக்கும் செண்டர் (sender) யூனிட்டின் கேஸ்கட்டையும், பெட்ரோல் ஊற்றும் குழாயை டேங்கோடு சேர்க்கும் பெரிய ரப்பர் ஹோஸையும் விட்டுவிடாமல் பாருங்கள். இந்த மஸ்டாங்கில் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. அந்த ஹோஸ் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. அதில் வெடிப்பு விட்டால் ஆவி நேராக டிக்கிக்குள்தான் வரும்.

அங்கேதான் உங்கள் பேட்டரியும் இருக்கிறது. பெட்ரோல் ஆவி சேரும் மூடிய இடத்தில் பேட்டரி டெர்மினல் ஒரு பொறி விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரிக்கு மூடிய பெட்டி போட்டு, அதன் காற்றுக்குழாயை வண்டிக்கு வெளியே விட்டு, பேட்டரியிலிருந்து கிளம்பும் இடத்திலேயே கேபிளுக்கு ஒரு பெரிய ஃப்யூஸ் போடுங்கள். முன்னால் போகும் அந்தத் தடித்த பாசிட்டிவ் கேபிளும் பெட்ரோல் பைப்பும் ஒரே கிளிப்பில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிக்கி பேட்டரி உள்ள மாற்று வண்டிகளில் இப்படிச் செய்துவிடுகிறார்கள், போகிற வழி ஒன்றுதானே என்று. கேபிள் உரசி இன்சுலேஷன் போனால் இரும்புப் பைப்பில் ஓட்டை விழும், அதே இடத்தில் தீயும் பிடிக்கும். கேபிள் ஒரு பக்கம், பெட்ரோல் இன்னொரு பக்கம். இதில் சமரசம் கிடையாது.

அடுத்தது பெட்ரோல். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலை 2023 பிப்ரவரி 6 அன்று நம் பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வாரத்தில்தான் பிரதமர் தொடங்கிவைத்தார். 2030-க்கு வைத்திருந்த இலக்கை 2025-க்கு முன்தள்ளினார்கள், இன்று பெட்ரோல் பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைப்பது அதுதான். 1968-இல் ஃபோர்டு போட்ட ரப்பர் எத்தனாலைப் பார்த்ததே இல்லை. பழைய ரப்பர் ஊதும், மெதுமெதுவென்று ஆகும், பிறகு காய்ந்து வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் நிற்கிற வண்டியில் அந்த ஈரம் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஈயமும் வெள்ளீயமும் பூசிய அந்தக் காலத் தகட்டு டேங்க் அங்கிருந்துதான் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். பழைய பைப்புக்குள் பல வருஷமாகப் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்துக்கொண்டு வரும், அது நேராக ஃபில்டரில் போய் அடைக்கும். எனவே பைப்பை மாற்றும்போது டேங்கையும் இறக்கிப் பாருங்கள். உள்ளே துரு இருந்தால் புது டேங்க் வரவழைப்பதுதான் சரி. இந்த மாடலுக்குப் புதிதாகத் தயாராகும் டேங்க் அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது, இன்ஜெக்‌ஷன் பம்ப் உள்ளேயே உட்காரும் வகையிலும் கிடைக்கிறது.

அந்த வகையை வாங்குங்கள். வெளியே பிரேமில் தொங்கும் பம்ப் சில்க் போர்டு மாதிரியான டிராஃபிக்கில் கீழிருந்து வரும் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு கத்தும். டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலிலேயே குளிர்ந்துகொள்ளும். நம் ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர், பெட்ரோல் கொஞ்சம் சீக்கிரமே கொதிக்கும் உயரம். உறிஞ்சி இழுக்கும் பக்கத்தில் பைப் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஒன்று மட்டும் கவனம். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் சின்ன ஹோஸுக்கு ஆர்9 கூடாது. அதன் வெளித்தோல் மூழ்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதற்கென்றே ஆர்10 என்று தனி ஹோஸ் உண்டு. நாலு அங்குலத் துண்டுதான், ஆனால் அதில் தப்பு நடந்தால் டேங்கை மறுபடி இறக்க வேண்டும்.

பெட்ரோலுக்கான இரும்புப் பைப், போகும் வழிக்கு 3/8 அங்குலம், திரும்பி வரும் வழிக்கு 5/16 போதும். ஒருவேளை அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் டேங்கிலேயே இருக்கிற வகை என்றால் திரும்பும் பைப் முன்னாலிருந்து வேண்டியதில்லை. ஸ்டெயின்லெஸ் போடலாம், அல்லது பிளாஸ்டிக் பூச்சு உள்ள ஸ்டீல் போடலாம். அலுமினியம் பைப் வளைக்க எளிது என்று ஆசை காட்டுவார்கள். தாழ்த்திய வண்டியின் அடியில் அது வேண்டாம். இரும்புப் பைப் போட முடியாத இடங்களில், அதாவது டேங்கிலும் இன்ஜினிலும் மட்டும் வளையும் ஹோஸ் இருக்கட்டும். அங்கே உள்ளே டெஃப்லான் உள்ள பின்னல் ஹோஸ் போட்டால் வாடை நிற்கும். பெட்ரோல் வேகமாக ஓடும்போது வெறும் டெஃப்லானில் நிலைமின்சாரம் சேர்ந்து உள்சுவரைத் துளைக்கும் என்பதால், கார்பன் கலந்த கருப்பு உள்சுவர் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். இந்தப் பின்னல் ஹோஸ் தொட்டதையெல்லாம் அரம் மாதிரி அறுக்கும். பெயிண்ட், ஒயர், பக்கத்துப் பிரேக் பைப் எதுவும் விலக்கல்ல. எனவே தொடும் இடத்திலெல்லாம் ரப்பர் வைத்த கிளிப் வேண்டும்.

ரப்பர் ஹோஸ் மாட்டும் இடத்தில் இரும்புப் பைப்பின் முனையில் ஒரு சின்ன வரம்பு எழுப்பியிருக்க வேண்டும். மொட்டையாக வெட்டிய பைப்பில் ஹோஸைச் சொருகி கிளிப் இறுக்கினால் 6 பிஎஸ்ஐயில் நிற்கும், 58-இல் ஒருநாள் கழன்று சூடான ஹெடர், அதாவது இன்ஜினின் புகைக்குழாய் மேல் பீய்ச்சும். கிளிப்பும் துளைகள் வெட்டிய சாதா ஓஸ் கிளிப் வேண்டாம், அதன் துளை விளிம்பு ரப்பரைக் கடித்துவிடும். ஓரம் மடித்த, துளையில்லாத இன்ஜெக்‌ஷன் கிளிப்பே கேளுங்கள். ஜேசி ரோட்டில் கிடைக்கும், இன்றைய கார்கள் எல்லாமே இன்ஜெக்‌ஷன்தானே. பம்புக்கு முன் 100 மைக்ரான், பம்புக்குப் பின் 10 மைக்ரான் ஃபில்டர். மோதினால் பம்பின் கரண்ட்டை வெட்டும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்று அவசியம். இன்ஜின் நின்றால் கம்ப்யூட்டர் பம்பை நிறுத்தும் என்று கிட்காரர் சொல்வார், அது உண்மைதான். ஆனால் மோதிய பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள் உண்டு.

இனி பிரேக். இங்கே நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

அந்தச் செம்பு பைப் யோசனையை மறந்துவிடுங்கள். ஏசிக்காரர் போடும் சுத்தச் செம்பு அழகாக வளையும், பைப்பின் வாயை விரித்து மடிக்கும் ஃப்ளேர் சுலபமாக வரும். ஆனால் வண்டியின் அதிர்வில் செம்பு நாளாக நாளாக இறுகி, ஒருநாள் நட்டுக்குப் பின்னால் முடி போல விரிசல் விடும். அழுத்திப் பிரேக் பிடித்தால் அந்தப் பைப்புக்குள் 1000 பிஎஸ்ஐக்கு மேல் ஏறும். அந்த நொடியில்தான் அது விடும், நமக்குப் பிரேக் வேண்டிய நொடியில். கம்ப்ரெஷன் ஃபிட்டிங் போட்டு நடுவில் ஒட்டுப்போடுவதும் அப்படித்தான், பிரேக்கில் அதற்கு இடமே இல்லை. பார்க்கச் செம்பு போலவே தெரியும் இன்னொன்று உண்டு, குப்ரோநிக்கல். சுமார் 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். நிறம் செம்பைவிட மங்கல், சற்று வெள்ளி கலந்தது. வோல்வோ 1970-களிலேயே இதற்கு மாறிவிட்டது, காரணம் இது துருப்பிடிப்பதில்லை. கையால் வளையும், ஃப்ளேர் வெடிக்காது, அதிர்வைத் தாங்கும். பிரேக்குக்கு நான் சொல்வது இதைத்தான். ஸ்டெயின்லெஸ் பார்க்கக் கம்பீரம், ஆனால் கடினமான உலோகம். டபுள் ஃப்ளேர் போடும்போது பிளக்கும், இருக்கையில் சரியாகப் படியாமல் கசியும். பிரேக் பைப் யாருக்கும் காட்டுவதற்கல்ல, எனவே அதன் பளபளப்பு நமக்கு வேண்டாம்.

சிவாஜிநகரிலோ பீன்யாவிலோ ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்குப் போனால், “சார், ஜேசிபிக்கே இதுதான் போடறோம், உங்க காருக்குத் தாங்காதா?” என்பார்கள். அழுத்தம் தாங்கும், சந்தேகமில்லை. ரப்பர் தாங்காது. ஹைட்ராலிக் ஹோஸின் உள்ரப்பர் நைட்ரைல், மினரல் ஆயிலுக்காகச் செய்தது. பிரேக் ஆயில் மினரல் ஆயில் அல்ல, கிளைக்கால் வகை. அதில் நைட்ரைல் ஊதிக் கரையும். பிரேக் ஹோஸில் இருப்பது இபிடிஎம் ரப்பர், அதற்கோ பெட்ரோலும் இன்ஜின் ஆயிலும் ஆகாது. எனவே பிரேக் ரப்பர் பிரேக்குக்கு, பெட்ரோல் ரப்பர் பெட்ரோலுக்கு. பிரேக் டப்பாவில் ஸ்டியரிங் ஆயிலை ஊற்றிவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் வாஷரிலிருந்து கடைசி வீல் சிலிண்டர் வரை எல்லா ரப்பரும் போச்சு என்பதும் இதனால்தான். பிரேக் ஹோஸ் வாங்கும்போது எஸ்ஏஇ ஜே1401 அல்லது டாட் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்ற முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது, டிஸ்க் மாற்றத்தில் எனக்குள்ள பெரிய கவலையைச் சொல்கிறேன். இது கண்ணில் படாது. உங்கள் மஸ்டாங்கின் 3/16 அங்குலப் பிரேக் பைப்பில் இருப்பது 3/8 அங்குல நட்டு, அங்குலத்துக்கு 24 மரை. அதாவது விட்டம் 9.5 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.06. இங்கே புழங்கும் கார்களின் பிரேக் நட்டு 10 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1. பைப்பின் வெளிவிட்டம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே, 4.75 மில்லிமீட்டர். முன் டிஸ்க் மாட்டியவர் இங்கே கிடைத்த காலிபரையோ (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துவது) ஹோஸையோ போட்டிருந்தால் அதன் துளை மெட்ரிக் ஆக இருக்கலாம். அந்த 10 மில்லிமீட்டர் துளைக்குள் 3/8 நட்டு உள்ளே போகும். சற்று லூசாகத் தெரியும், ஆனால் ஸ்பேனர் போட்டால் இறுகுவது போலவே இருக்கும். மரையின் நுனி மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். மெல்ல மிதித்துப் பார்த்தால் கசியாது. திடீரென்று அழுத்தினால் மரையை உரித்துக்கொண்டு வெளியே வரும். எனவே ஒவ்வொரு துளையையும் மரை கேஜ் வைத்துப் பாருங்கள், வெர்னியரில் நட்டின் விட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். விரலாலேயே கடைசி வரை ஆட்டமில்லாமல் ஏறாத நட்டு, ஒன்று கோணலாக ஏறுகிறது, அல்லது அந்த இடத்துக்கு உரியதல்ல.

ஃப்ளேரும் இதே கதை. அமெரிக்கக் கார்களில் 45 பாகை டபுள் ஃப்ளேர், பைப்பின் வாயை மடித்து இரட்டையாக்கியது. மெட்ரிக் கார்கள் பலவற்றில் குமிழ் போன்ற ஃப்ளேர். ரேஸ் வகை ஏஎன் ஃபிட்டிங்கில் 37 பாகை. மூன்றும் ஒன்றோடொன்று சேராது. இறுக்க இறுக்க நிற்கிற மாதிரி காட்டும், அவ்வளவுதான். டெஃப்லான் டேப் சுற்றி நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த இணைப்பில் அடைப்பது மரை அல்ல, ஃப்ளேரின் முகம். டேப்பின் துணுக்கு உள்ளே போய் வால்வை அடைப்பதுதான் மிச்சம்.

ஃப்ளேர் போடுவதை நேரில் ஒருமுறை நிதானமாகச் செய்து பாருங்கள், இந்த வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஹாக்ஸா வேண்டாம், பைப் கட்டரால் மெல்லச் சுற்றி வெட்டுங்கள். வெட்டிய வாயின் உள்பிசிறையும் வெளிப்பிசிறையும் எடுங்கள், வெளி விளிம்பில் அரத்தால் லேசாகச் சரிவு கொடுங்கள். காற்றடித்துத் தூளை வெளியேற்றுங்கள். அடுத்து நட்டை பைப்பில் மாட்டுங்கள். ஃப்ளேர் போட்ட பிறகு நட்டு ஏறாது. டூலின் கட்டையில் பைப்பைப் பிடித்து, அடாப்டரின் தோள் உயரத்துக்குச் சரியாக வெளியே நீட்டுங்கள். ஒரு சொட்டுப் பிரேக் ஆயில் விட்டு அடாப்டரை வைத்து அழுத்துங்கள். வாய் முதலில் மணிபோல் உப்பி உள்ளே மடங்கும். அடாப்டரை எடுத்துவிட்டு கூம்பை நேரே இறக்கினால் அந்த மடிப்பு இரட்டைச் சுவராகப் படியும். டார்ச் அடித்துப் பாருங்கள். வளையம் சுற்றிலும் ஒரே அகலமாக, பைப்பின் நடுவே, ஒரு கீறலும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி. பைப்பை ஐந்தாறு அடி கூடுதலாக வாங்கி அதில் பழகிவிட்டு வண்டிப் பைப்பில் கை வையுங்கள். மலிவான டூலில் கட்டை பைப்பை நழுவ விடும், கையால் அழுத்தும் ஹைட்ராலிக் ஃப்ளேர் டூல் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கியாவது வேலையை முடியுங்கள்.

கழற்றும்போது சாதா ஓபன் ஸ்பேனர் போட்டால் நட்டின் முனைகள் உருண்டுவிடும். ஒரு பக்கம் வாய் திறந்த ரிங் ஸ்பேனர், ஃப்ளேர் நட் ஸ்பேனர் என்பார்கள், அதுவும் அங்குல அளவில் வேண்டும். முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள். பழைய பைப்பை வெட்டிக் குப்பையில் போட்டுவிடாமல் முடிந்தவரை முழுசாக இறக்குங்கள். வளைவு பார்க்க அதுதான் அச்சு. வழியை மாற்றுகிற இடத்தில் வெல்டிங் கம்பியை வளைத்து வழியைப் பிடித்துக்கொண்டு, பிறகு பைப்பை வளையுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில் பழைய பைப்பில் சுருள் சுற்று இருந்தால் புதிதிலும் விடுங்கள். இன்ஜின் பக்க அதிர்வை அது வாங்கிக்கொள்ளும்.

வண்டி தாழ்ந்திருப்பதால் பைப் போகும் வழி முக்கியம். நம் ஊர் ஹம்ப்புகளில் எது முதலில் உரசுகிறதோ அதற்கு மேலே, பிரேமின் உள்பக்கமாகப் பைப் போக வேண்டும். ஜாக்கி வைக்கும் இடத்தை விட்டு விலகட்டும். சைலன்சர் பைப்புக்கும் ஹெடருக்கும் அருகே தவிர்க்க முடியாவிட்டால் நடுவில் தகடு மறைப்பு வையுங்கள். ஒன்று ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப், தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் புஷ்.

பெடல் மெத்தென்று இறங்குவதற்கு வருவோம். முதல் சந்தேகம் காலிபரின் மேல். காற்றை வெளியேற்றும் ப்ளீடிங் நிப்பிள் காலிபரின் மேல்முனையில் இருக்கிறதா பாருங்கள். இடதும் வலதும் மாற்றி மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே வரும், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் மேலே ஒரு காற்றுக்குமிழ் தங்கிக்கொண்டே இருக்கும். டிஸ்க் மாற்றிய வண்டிகளில் பெடல் பிரச்சினைக்கு நான் முதலில் தேடுவது இதைத்தான். அடுத்தது பழைய ரப்பர் ஹோஸ். மிதிக்கும்போது ஒருவர் ஹோஸைக் கையில் பிடித்துப் பார்த்தால் ஊதுவது தெரியும். பின் ஆக்சிலுக்கு பாடியிலிருந்து இறங்கும் ஒற்றை ஹோஸ் ஒன்று உண்டு, நாலு சக்கரத்தையும் பார்ப்பவர்கள் நடுவில் இருக்கும் அதை மறந்துவிடுவார்கள். அதன் உள்சுவர் பெயர்ந்தால் ஆயிலைப் போக விட்டு, திரும்ப விடாது. பின் பிரேக் பிடித்துக்கொண்டே நிற்கும்.

மூன்றாவது மாஸ்டர் சிலிண்டர். 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் கார்களுக்கு இரட்டைப் பிரேக் சுற்று கட்டாயம், எனவே உங்கள் வண்டியில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரண்டு வழி இருக்கும். ஆனால் நாலும் டிரம்மாக இருந்த வண்டியின் மாஸ்டர் சிலிண்டரையே டிஸ்க்குக்கும் ஓட்டிக்கொண்டிருக்கலாம். டிரம்முக்கான வழியில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு இருக்கும். அது டிஸ்க் வழியில் இருந்தால் பேட் எப்போதும் உரசும், சூடேறும். டிஸ்க்-டிரம் மாஸ்டர் சிலிண்டர், பின் சக்கரத்துக்கு அழுத்தத்தை மட்டுப்படுத்தும் ப்ரொபோர்ஷனிங் வால்வு, இரண்டும் வேண்டும். இல்லையென்றால் மழையில் அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும்.

மாட்டும்போது எல்லா நட்டையும் விரலால் ஏற்றிவிட்டு, பிறகு இறுக்கி, ஒருமுறை தளர்த்தி, மறுபடி இறுக்குங்கள், ஃப்ளேர் இருக்கையில் நன்றாகப் படியும். ஹோஸைக் காலிபரோடு பிணைக்கும் பாஞ்சோ போல்ட் இருந்தால் அதன் இணைப்புக்கு இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர். முன் ஹோஸை ஸ்டியரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பி, சக்கரத்தைத் தொங்கவிட்டும் ஏற்றியும் பாருங்கள். எங்கேயும் இழுபடவோ டயரில் உரசவோ கூடாது.

டாட் 4 பிரேக் ஆயில், மூடி திறக்காத புது டப்பா. புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 155-க்கு இறங்கிவிடும். நந்தி மலையிலிருந்து கனமான வி8 வண்டியை இறக்கும்போது இந்த வித்தியாசம் காலடியில் தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிகான் வகையான டாட் 5 வேண்டாம், அது இதோடு கலக்காது. டாட் 4 பெயிண்ட்டை உரித்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மாஸ்டர் சிலிண்டரை வைஸில் பிடித்து முதலில் அதன் ஏரை எடுத்துவிட்டு மாட்டுங்கள். பிறகு தூரத்தில் உள்ள சக்கரத்திலிருந்து வரிசையாக. உங்கள் இடது ஸ்டியரிங் வண்டியில் வலது பின், இடது பின், வலது முன், இடது முன்.

பெட்ரோல் வேலை நடக்கும் நாளில் பேட்டரி கழற்றியிருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும், கிரைண்டரும் வெல்டிங்கும் அன்றைக்கு இல்லை. தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில். பழைய பிரேக் ஷூவின் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஏர் அடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

முடிந்ததும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளை டிஷ்யூ ஒற்றிப் பாருங்கள். பிரேக்கை ஒருவர் முழு பலத்தோடு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் கீழே எல்லா நட்டையும் டிஷ்யூவால் ஒற்ற வேண்டும். பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் எங்கேயோ விடுகிறது. இறங்காமல் நின்றால், ஒரு ராத்திரி விட்டு மறுநாள் காலை இதையே மறுபடி செய்யுங்கள். பிறகு காலியான இடத்தில், நடக்கும் வேகத்தில் தொடங்கி ஓட்டிப் பார்க்கலாம். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை கீழே படுத்து எல்லாவற்றையும் பாருங்கள்.

நிதானமாகச் செய்தால் இது ஒரு வார வேலை. ஒரு நாளில் முடிக்கிறேன் என்பவரிடம், என்ன ஃப்ளேர் போடுவீர்கள், நட்டு என்ன மரை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியைக் கொடுங்கள். பைப்பும் நட்டும் ஆர்டர் செய்வதற்கு முன் முன் காலிபரின் துளையை அளந்து, காலிபரில் உள்ள எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள். அது மெட்ரிக்கா அங்குலமா என்று தெரிந்தால்தான் மற்ற பட்டியலை எழுத முடியும்.